எலுமிச்சை ஜூஸும் என் பெருமையும்

சில மாதங்களுக்கு முன்பு ஒருநாள், பானைத் தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டு என் நாலு வயது மகள் நித்யா வீறிட்டு அழுதாள். மறுநாள் தயிர்சாதத்துக்கும் அதே அழுகை. வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பற்களின் ஓரமெல்லாம் மெலிந்து, மஞ்சள் தட்டிப் போயிருந்தது.

குற்றவாளி யார் என்று யோசிக்கவே இல்லை நான். எங்கள் வீட்டில்தான் சாக்லேட்டே கிடையாதே!

கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள் நான். திரும்பும்வரை நித்யா பக்கத்து வீட்டுச் சரோஜா அக்காவிடம் இருப்பாள். அவளையும் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போனேன்.

"நீங்க முட்டாய் குடுத்துத்தானுங்க்கா புள்ளை பல்லு இப்படி ஆயிப்போச்சு."

"எப்பவாச்சும் ஒண்ணு குடுத்திருப்பேன் கண்ணு... அதுக்கு மேல குடுக்கலையே."

"இனிமே நானே பாத்துக்கறனுங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா கையில் அவளுக்காகப் பிசைந்த பருப்புசாதம் இருந்தது. அதைப் பார்த்தும் வந்துவிட்டேன்.

அப்புறம் என்ன? லீவு போட்டேன். லீவு தீர்ந்ததும் ஆபீஸ் பக்கத்தில் ஒரு நர்சரியில் சேர்த்து, பஸ் கூட்டத்தில் அவளையும் இழுத்துக்கொண்டு அலைந்தேன். "பால் பல்லுதானே, விழுந்து முளைச்சுரும்" என்றார் என் வீட்டுக்காரர். வலி மட்டும் போகவில்லை. கோவையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனோம்.

"இது சொத்தை இல்லீங்க. புளிப்பு பட்டுப் பட்டுத் தேஞ்சிருக்கு. அடிக்கடி என்ன குடிக்கிறா?"

பெருமையாகச் சொன்னேன். "எலுமிச்சை ஜூஸுங்க டாக்டர். உடம்புக்கு நல்லதுன்னு வாட்டர் பாட்டில்ல ஊத்திக் குடுத்துருவேன். நாளெல்லாம் உறிஞ்சிட்டே இருப்பா. குடிச்சு முடிச்சதும் நல்லா அழுத்திப் பிரஷ் பண்ணியும் உட்ருவேன்!"

டாக்டரம்மா கையிலிருந்த பல் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"புளிப்பு பட்ட பல்லு கொஞ்ச நேரம் இளகி இருக்கும். அப்பப் போயி தேச்சா இளகுனதையும் சேத்து எடுத்துருவீங்க. தண்ணில வாய் கொப்புளிச்சு, அரை மணி நேரம் கழிச்சுத் தேயுங்க."

"பால் பல்லு எப்படியும் விழுந்துருமில்லீங்களா?" மெதுவாகக் கேட்டேன்.

"விழற வரைக்கும் அதுலதானுங்களே சாப்பிடணும்?"



சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லிலும் ஃபுளோரைடு மருந்தைத் தடவினார். தேய்ந்தது திரும்ப வளராதாம். மிச்சம் இருப்பது கெட்டிப்படும், கூச்சமும் குறையும். வீட்டில் ஃபுளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு மட்டும், நானே வைத்துத் தேய்த்துத் துப்ப வைக்க வேண்டும். ஜூஸ் நாள்முழுக்கக் கூடாது.

தப்பைத் தேடும்போது நம் கால் ஏன் முதலில் பக்கத்து வீட்டுக்கே போகிறது?

அன்று மாலையே சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். "தப்பு என்மேலதானுங்க்கா. நான் குடுத்த ஜூஸு..." முழுசாகச் சொன்னேன்.



"நெசமாவே நாந்தான் புள்ளை பல்லைக் கெடுத்துப்போட்டனோன்னு நெனச்சு நெனச்சு அழுதேன் கண்ணு" என்றார் அக்கா.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நித்யா அவர் எதிரில் போய் 'ஆ'வென்று வாயைத் திறந்து காட்டினாள். அக்கா குனிந்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். "இனி வலிக்காது அம்மணி" என்று இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போதெல்லாம் குழந்தைக்குப் பல் கூச்சம் குறைந்துவிட்டது. அக்கா முகத்தைப் பார்க்க எனக்குத்தான் இன்னும் கூசுகிறது!