எங்கள் வயலில் விளைந்த பதினாறு கிலோ

எங்கள் வயல் நன்றாக விளைந்ததற்காக ஊரே எங்களைச் சந்தேகப்பட்டது. நானும் என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டேன்.

தாமிரபரணியிலிருந்து பிரிகிற வாய்க்காலின் கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். அந்த வருஷப் பிசானச் சாகுபடியில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின கோடையில்தான் எங்கள் வயலில் போர்வெல் போட்டிருந்தார். சுற்றிலும் பயிர் பதராகிப்போக, எங்களுடையது மட்டும் கதிர் சாய்ந்து நின்றது. வரப்பில் நடக்கவே கூச்சமாக இருந்தது எனக்கு.

எல்லோரும் நம்பியிருந்தது பயிர்க் காப்பீட்டைத்தான். அதில் ஒவ்வொருவர் வயலையும் பார்க்க மாட்டார்கள். ஊரில் நான்கு வயல்களைக் குலுக்கலில் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து, அடித்து, நிறுப்பார்கள். நான்கின் சராசரிதான் ஊரின் விளைச்சல். அது ஐந்து கிலோவுக்குக் கீழே போனால் ஊர் முழுக்க இழப்பீடு உண்டு. மேலே போனால் ஒருவருக்கும் கிடையாது.

குலுக்கலில் நான்காவதாக எங்கள் வயல் வந்தது.

அறுப்பன்று ஊரே வரப்பில் நின்றது. முதல் வயலில் மூன்று கிலோ, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. எங்களுடையதில் பதினாறு. நிறுக்க வந்த அதிகாரி கூட்டி, வகுத்து, "சராசரி ஆறு" என்றார்.

பக்கத்து வயல்கார மதினி முன்னால் வந்தாள். அவள் வயலில் வைக்கோல்கூடத் தேறவில்லை.

"ஆறு கிலோ எந்த வயல்ல சார் வெளஞ்சிருக்கு? கையக் காட்டுங்க, நாங்களும் பாக்கோம்."

அவர் நோட்டில் ஆறு என்று எழுதினார். எங்கள் வயலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் மூன்றுகூட வராது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேரும் திரும்பி எங்களைத்தான் பார்த்தார்கள்.

அதன்பிறகு ரேஷன் கடையில் நான் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் எனக்குக் கேட்கட்டும் என்றே ஒருவர் சொன்னார்: "இத்தன வயலு கெடக்கு. இது மட்டும் எப்படிவே குலுக்கல்ல விழும்? இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் இவன் கையில ஏதாவது வச்சிருப்பான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அறுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் அந்த அதிகாரியிடம் என் வீட்டுக்காரர் ஏதோ கெஞ்சுகிற மாதிரிப் பேசிக்கொண்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

சாப்பிடும்போது கேட்டேன். "அன்னைக்கு அந்த சார்ட்ட என்ன பேசுனிய?"

"ஒண்ணுமில்லளா. சும்மாதான்." தட்டிலிருந்து அவர் தலையைத் தூக்கவே இல்லை.

அவர் குளிக்கப் போன சமயம் சட்டைப் பையைத் துழாவினேன். போனையும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் நிம்மதி வந்துவிடவில்லை. நன்றாக மறைத்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

குலுக்கலிலேயே தில்லுமுல்லு என்று ஊரார் மனுக் கொடுத்தார்கள். விசாரிக்க அந்த அதிகாரியே பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு வந்தார். மதினியின் புருஷன் எழுந்து நேராகவே கேட்டார்.

"இவரு ஒங்கள முந்தின நாளே தனியா வந்து பாத்தாராமே, என்ன சங்கதி?"

நான் யாரிடமும் அதைச் சொல்லியிருக்கவில்லை. வேறு யாரோ பார்த்திருக்கிறார்கள்.

"பார்த்தார்," என்றார் அதிகாரி. "தன் வயலை விட்டுடச் சொல்லிக் கேட்டார். அது சேர்ந்தா ஊர்க் கணக்கே கெட்டுப்போகும்னார். குலுக்கல்ல வந்ததை நான் நீக்க முடியாதுன்னு சொல்லிட்டேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "இப்படிச் சொல்லணும்னு பேசி வச்சிருப்பாங்க."

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லியிருந்தா? வயல விட்டுடச் சொல்லி ஆபீசர்ட்ட போய் நின்னவன் வேற என்னல்லாம் பேசியிருப்பானோன்னு நீயே நெனப்ப."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை எனக்கு.

மனு தள்ளுபடியானது. மறு அறுவடை செய்து பார்க்க எந்த வயலிலும் பயிர் மிச்சமில்லை. அந்த வருஷம் ஊரில் யாருக்கும் இழப்பீடு வரவில்லை.

அடுத்த பிசானத்திலும் வாய்க்கால் காய்ந்தது. எங்கள் போரிலிருந்து மதினி வயலுக்குத் தண்ணீர் விடுவதாக என் வீட்டுக்காரர் அவளிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். அவள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தண்ணி தாரிய, சரி. குலுக்கல்ல ஒங்க வயலோட எங்க வயலும் விழுந்துச்சுன்னா, ரெண்டு பதினாறு ஆயிரும்லா. பெறவு ஊரு என்னையும் இப்படித்தான பாக்கும்?"

அவள் வாடிக்கொண்டிருந்த பயிரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து இரண்டு வயலுக்கும் நடுவே இருந்த வரப்பை அவளே வெட்டிவிட்டாள். தண்ணீர் கடைசி மூலைக்குப் போய்ச் சேரும்வரை, ரோட்டில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.