சிலோனில் ஒரு மாத ஓய்வு

ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் எழுத்தராக இருந்த எனக்கு ஒரு மாத விடுப்பு கிடைத்தது. காலமெல்லாம் உழைத்த அப்பா அம்மாவைச் சிலோனுக்கு அழைத்துப்போய், கண்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில் நிம்மதியாக உட்காரவைக்க ஆசைப்பட்டேன்.

சாப்பிடும்போது சொன்னேன். "சுத்திலும் தேயிலத் தோட்டம். ஒரு வேலையும் செய்யாம சும்மா இருக்கலாம்மா."

அப்பா பாதிச் சோற்றில் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"நீ பொறக்கறதுக்கு முன்ன அங்கதான்டா கூலிக்கு இருந்தோம். உங்க அக்காவுக்குக் காய்ச்சல். கங்காணி என்னை வீட்ல இருக்க விடல. கொழுந்து பறிச்சிட்டு வர்றதுக்குள்ள போய்ட்டா. அங்கியே பொதச்சிட்டு வந்தோம்."

அவர்கள் சிலோனில் இருந்ததும், எனக்கு ஓர் அக்கா இருந்ததும் அன்றுதான் தெரிந்தது. பெயரைக் கேட்டேன். அம்மா அப்பாவின் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"செல்லம்மா" என்றார் வாசலிலிருந்து அப்பா.

நாங்கள் எங்கும் போகவில்லை. விடுப்பு முழுவதும் அப்பா அவளைப் பற்றியே பேசினார். அம்மா ஒருநாளும் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.