பரந்தன் கராஜில் ஒரு சிலிண்டர் ஹெட்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் போனால் பச்சைத் தகரம் போட்ட ஒரு கராஜ் இருக்கிறது. அதை நடத்துபவள் ஆன்சலா. வயது முப்பத்தொன்பது. முல்லைத்தீவுக் கடற்கரையில், படகு எஞ்சின் திருத்துகிற வீட்டில் பிறந்தவள். நான்கு வருடத்துக்கு முன் கார் கராஜ் போடப் போகிறேன் என்று அவள் சொன்னபோது, வீட்டில் படகு எஞ்சின்களை ஒட்டித் திருத்துகிற தமையன் யாக்கோப்பு, "மூண்டு மாதத்தில பூட்டிப்போட்டு வருவாய்" என்றார். ஆன்சலாவுக்குச் சுள்ளென்றது. அன்றைக்கு வீட்டைவிட்டு வந்தவள் பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. நத்தார்ப் பண்டிகைக்குத் தமையனின் மனைவி சுசிலா மச்சாளோடு மட்டும் தொலைபேசியில் நாலு வார்த்தை பேசுவாள்.

கராஜ் பூட்டப்படவில்லை. உழவு இயந்திரம், வான், ஓட்டோ என்று வேலை வந்துகொண்டே இருந்தது. அப்படி ஒருநாள் செட்டிகுளத்திலிருந்து மாட்டு டொக்டர் பிரஷாந்தினி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கிழமை நாட்களில் மாடுகளுக்கு ஊசி போடுகிறவள், விடுமுறை நாட்களில் கார்க் கழகம் நடத்தும் கால்மைல் கார் ஓட்டப் போட்டியில் கலந்துகொள்வாள். அநேகமாகக் கடைசியாகத்தான் வருவாள்.

"அக்கா, கார் கொஞ்சத் தூரம் பாயுது. பிறகு மூச்சு முட்டுது. கொழும்பில பெரிய டேர்போ போடச் சொல்லுறாங்கள்."

ஆன்சலா காரை வீதியில் ஓட்டி எஞ்சினை முறுக்கிப் பார்த்தாள். ஐயாயிரம் சுற்றுக்கு மேல் போனதும் சத்தம் மட்டும் கூடியது, வேகம் கூடவில்லை.

"உங்கட டேர்போ நல்லாத்தான் ஊதுது, டொக்டர். ஊதுற காத்து உள்ளுக்க போக வழியில்லை. மூக்கடைச்ச ஆளுக்கு விசிறி பிடிச்சு என்ன செய்யிறது?"

காற்று எஞ்சினுக்குள் நுழைவது சிலிண்டர் ஹெட் என்ற மேல்பாகத்தில் இருக்கிற காற்றுவழிகளால்தான். அந்தப் பக்கத்தைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே வால்வுகளில் அடிப்பிடித்த கஞ்சிப் பானை போலக் காபன் கறுத்துத் தடித்திருந்தது.

"பழைய எஞ்சினில பெற்றோல் வால்வில பட்டு அதைக் கழுவிக்கொண்டு போகும். இதில நேர சிலிண்டருக்குள்ள பீச்சுது. வால்வைக் கழுவ ஆளில்லை. சுத்தம் செய்தா முந்தின நிலைக்கு வரும். அதைவிடக் கூட வேணுமெண்டா, வேற ஹெட் ஒண்டு எடுத்து, காத்துவழியைப் பெருப்பிச்சு, பெரிய வால்வும் இறுக்கமான ஸ்பிரிங்கும் போடவேணும்."

"முந்திச் செய்திருக்கிறியளோ?"

"இல்லை. ஆனா எப்பிடிச் செய்யிறதெண்டு தெரியும்."

பிரஷாந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். "நானும் முதல் மாட்டுக்கு ஒப்பரேசன் செய்யேக்க சொந்தக்காரருக்கு இதைத்தான் சொன்னனான். செய்யுங்கோ அக்கா."

பாவித்த ஹெட் ஒன்று கொழும்பிலிருந்து வந்தது. காற்று எவ்வளவு போகிறது என்று அளக்கிற கருவி ஆன்சலாவிடம் இல்லை. கன்னியர் மடத்துக்குப் போய்த் தூசி உறிஞ்சும் மெஷினை இரவல் கேட்டாள். "எஞ்சினுக்குள்ளயும் கூட்டவேணுமோ, பிள்ளை?" என்று கேட்டபடியே சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார். அதைக் குழாயால் ஹெட்டோடு பொருத்தினாள். பக்கத்தில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வளைத்துக் கட்டி, அதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றினாள். காற்று தடைப்பட்டால் சிவப்புத் தண்ணீர் மேலே ஏறும், தாராளமாகப் போனால் கீழே இறங்கும். கைக் கிரைண்டரால் கொஞ்சம் குடைவதும் மெஷினைப் போட்டுப் பார்ப்பதுமாக இரண்டு காற்றுவழிகளை முடித்தாள். தண்ணீர் இறங்க இறங்க அவளுக்கு மனம் துள்ளியது.

மூன்றாவதில் இன்னும் ஒரு மயிரிழை எடுத்தால் என்ன என்று தோன்றியது. கிரைண்டரின் சத்தம் திடீரென்று மெலிந்தது. நிறுத்தி, டோர்ச் அடித்துப் பார்த்தாள். கடுகளவில் ஒரு துளை. அதற்கு அப்பால் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் வழி. கிரைண்டரைக் கீழே வைத்தாள். கொண்டுவந்த சோற்றுப் பொதியை அவிழ்க்கவும் மனம் வரவில்லை.

நாலாவதைக் குடைந்து முடித்த பிறகுதான் டொக்டருக்கு அழைப்பெடுத்தாள்.

"டொக்டர், ஹெட்டை ஓட்டையாக்கிப்போட்டன். என்ர பிழைதான்."

அந்தப் பக்கம் ஒரு மாடு கத்தியது. "ஓட்டைதானே? தைக்க ஏலாதோ?"

"அலுமினியம், டொக்டர். நுணுக்கமா உருக்கி ஒட்டத் தெரிஞ்ச ஆள் வேணும்."

"அப்பிடி ஆரும் இல்லையோ?"

"ஒராள் இருக்கிறார்" என்றாள் ஆன்சலா.

அடுத்தநாள் காலை ஹெட்டை உரப் பையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் போனாள். வாசலில் அவளைக் கண்ட சுசிலா, "இஞ்ச பாருங்கோ, ஆர் வந்திருக்கிறதெண்டு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். யாக்கோப்பு வெளியே வந்தார். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பையைத்தான் பார்த்தார். ஹெட்டை எடுத்து, விரலை ஒவ்வொரு காற்றுவழிக்குள்ளும் விட்டுத் தடவினார்.

"ஆர் இதைக் குடைஞ்சது?"

"நான்தான், அண்ணை."

"கையாலயோ?"

"ஓம்."

"மற்ற மூண்டும் ஒரே அச்சில வார்த்த மாதிரிக் கிடக்கு. இதில மட்டும் அவசரப்பட்டிட்டாய்."

"அவசரமில்லை. ஆசை."

யாக்கோப்பு சிரித்துவிட்டார். "முதல்ல சாப்பிடு" என்றார்.

குளிர்ந்த உலோகத்தில் ஒட்டினால் வெடிப்பு விழும். அதனால் பக்கத்துப் பேக்கரியில் பாண் இறக்கி முடிய, அங்கேயுள்ள சூடு ஆறாத அடுப்புக்குள் ஹெட்டை வைத்தார்கள். சூடேறியதும் யாக்கோப்பு மூச்சை அடக்கிக்கொண்டு துளையை ஒட்டினார். ஆற விட்டு, பிசிரை ஆன்சலா தேய்த்து எடுத்தாள். பிறகு தண்ணீர் வழியின் வாய்களை எல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, மீன் போடுகிற ஐஸ் பெட்டியில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தினார்கள். மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குந்தியிருந்து பார்த்தார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை. சுசிலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஆன்சலா வவுனியாவில் ஒரு பட்டறையில் ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவி, பெரிய வால்வுகள் இருக்க இடம் வெட்டுவித்தாள். பெற்றோல் பீச்சுகிற இன்ஜெக்டர்களுக்குப் புது வளையங்கள் போட்டு, கசிவைத் தடுக்கிற புது கஸ்கற் வைத்து, போல்ட்டுகளை ஒழுங்குமுறைப்படி இறுக்கினாள். எஞ்சினின் கணினியையும் அதற்கேற்ப மாற்றுவித்தாள். முதல் தடவை ஓட்டிப்போய்த் திரும்பி வந்த பிரஷாந்தினி, காரிலிருந்து இறங்காமலே, "அக்கா, இது முட்டுதே இல்லை!" என்று கூவினாள்.

அந்த மாத ஓட்டத்துக்கு ஆன்சலாவும் போனாள். யாக்கோப்பும் சுசிலாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். முன்பெல்லாம் பதினைந்தே முக்கால் செக்கன் எடுத்த கார் பதினைந்துக்குள் வந்தது. பிரஷாந்தினி தன் பிரிவில் இரண்டாம் இடம். முதலிடம் வந்தவரைவிட அவள்தான் அதிகம் குதித்தாள்.

எஞ்சினை மூடும் பொனெற்றைத் திறந்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள். யார் செய்த வேலை, எங்கே செய்தது என்று ஆளுக்கொரு கேள்வி. ஆன்சலா வாய் திறப்பதற்குள் யாக்கோப்பு முன்னுக்குப் போய் நின்றுகொண்டார்.

"காத்துவழி முழுக்க என்ர தங்கச்சி கையால குடைஞ்சது. நான் ஒரு பொட்டுத்தான் வைச்சனான்" என்றார். பிறகு அந்தப் பொட்டு எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு சூட்டில் வைத்தது, எந்தப் பேக்கரி என்பதுவரை விளக்கத் தொடங்கினார். அவர் முடிக்க அரைமணி நேரமாவது ஆகும் என்று ஆன்சலாவுக்குத் தெரியும். சுசிலா கட்டிக்கொண்டு வந்திருந்த இறால் ரோல்ஸில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆன்சலா நிழலாகப் பார்த்துப் போய் இருந்தாள்.