அப்பாவுக்கு என்ன வியாதி?

மூன்று மாதங்களுக்கு முன்னால் ஓர் ஆஸ்பத்திரி கவுன்டரில், ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன்.

கேள்வி ஒன்றும் கடினமில்லை. 'குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா?' அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என்று விண்ணப்பப் பாரத்தில் மூன்று கட்டங்கள். டிக் போட வேண்டும். அவ்வளவுதான்.

அம்மா... தெரியும். சர்க்கரை, அப்புறம் கிட்னி. அண்ணன்... உயிரோடு மேரு என்கிற ஊரில் இருக்கிறார். அப்பா?

அப்பா 'வயித்து வலி'யில் போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். வந்து போனவர்களுக்கெல்லாம் அம்மா அந்த ஒரே பதிலைத்தான் சொன்னார். நானும் அதையே நம்பி வளர்ந்தேன். வாரா வாரம் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் ஊரிலுள்ளவர்களை எல்லாம் குடைந்து குடைந்து கேள்வி கேட்கிறவள்தான் நான். வீட்டில் இதை மட்டும் கேட்டதில்லை!

உங்களுக்குத் தெரியுமா? உங்கள் அப்பாவின் அப்பா எதனால் இறந்தார்? எனக்குத் தெரிந்த குடும்பங்களில் மொத்தம் மூன்றே காரணங்கள்தான். வயித்து வலி, நெஞ்சு வலி, 'திடீர்னு போயிட்டாரு'.

சரி, நான் அங்கே எப்படிப் போய் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன். பிரஷர் மாத்திரை வாங்க கிளினிக்குப் போயிருந்தேன். அம்பது வயசு தாண்டிட்டீங்களே என்று ஒரு சின்ன பாட்டிலைக் கையில் கொடுத்தார்கள். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்ட். இருந்தது.

"பயப்படாதீங்க ஆன்டி, மூலமாக்கூட இருக்கலாம். ஆனா ஸ்கோப் போட்டுப் பாத்துரணும்" என்றார் டாக்டர். பின்வாசல் வழியாக கேமராவை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற கொலோனோஸ்கோபி. அதற்குத் தேதி வாங்கத்தான் அந்தக் கவுன்டர், அந்தப் பாரம்.

"அப்பா கட்டத்தைக் காலியா விட்டுரலாமா மிஸ்ஸி?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"வீட்ல கேட்டுட்டு வாங்கக்கா. டாக்டர் கண்டிப்பாக் கேப்பாங்க. அப்புறம்... அன்னிக்கு உங்க கூட ஒரு ஆள் வரணும். மயக்க மருந்து கொடுப்போம். டாக்சி புடிச்சு தனியாப் போறேன்னா விட மாட்டோம்."

நான் பூச்சோங்கில் தனியாக இருக்கிறவள். கூட்டிப் போக ஓர் ஆள், அப்பாவைப் பற்றிச் சொல்ல ஓர் ஆள். இரண்டுக்கும் எனக்கு இருப்பது ஒரே ஆள்தான்.

அண்ணன் குமரேசனுக்கு அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருஷம் பேக்டரி பஸ் ஓட்டியவர். பின்னால் நாற்பது பேர் பேசியதைக் கேட்டுக் கேட்டே பேச்சின் மேல் ஆசை போயிருக்க வேண்டும். போனில் அவரிடம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசினால் அது சாதனை.

"ண்ணே, அப்பாவுக்கு என்ன வியாதி?"

"வயித்து வலி."

"வயித்து வலின்னா? அல்சரா, அப்பெண்டிக்ஸா?"

"இப்ப எதுக்கு அது?"

விஷயத்தைச் சொன்னேன். "என்னிக்குப் போவணும்? நான் வண்டி எடுத்துட்டு வரேன்" என்றார். வைத்துவிட்டார்.

கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று!

ஸ்கோப்பைவிட அதற்கு முந்திய தயாரிப்புதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மை. மூன்று நாள் கீரை, காய், விதை உள்ள பழம் எதுவும் கூடாது. வெள்ளை ரொட்டி, கஞ்சி, மீன் சூப். முந்தின நாள் அதுவும் கிடையாது, தெளிந்த தண்ணீர் வகைதான். தே-ஓ, அதாவது பாலில்லாத தேநீர் குடிக்கலாம். சிவப்பு ரோஸ் சிரப் கூடாது... ஏன் தெரியுமா? அந்தச் சிவப்பு, உள்ளே ரத்தம் மாதிரி தெரியுமாம். எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் சிரப் குடித்துவிட்டுப் போய், ஒரு டாக்டர் பதறியிருக்க வேண்டும் இல்லையா?

பேதி மருந்து பவுடராக வந்தது. இரண்டு லிட்டரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு கிளாஸ். முதல் கிளாஸ், உப்புப் போட்ட ஆரஞ்சு ஜூஸ். மூன்றாவது கிளாஸில் ஆரஞ்சு போய்விட்டது. ஐந்தாவது கிளாஸை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க மாட்டேன். டாய்லெட்டுக்கும் சோபாவுக்கும் நடுவில் எத்தனை டைல்ஸ் இருக்கின்றன என்று இப்போது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை அண்ணன் வந்தார். பாரம் என் மடியில் இருந்தது. அப்பா கட்டம் இன்னும் காலி.

நெடுஞ்சாலையில் நல்ல ஜாம். பஸ் ஓட்டிய கை, ஸ்டீயரிங்கை விடாமல் பிடித்திருந்தது. ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேன்சர்தான் பாப்பா. பெருங்குடல்ல."

எனக்கு ஐம்பத்துநாலு வயது. அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கிட்டதான் சொன்னாங்க. எனக்கு இருபது வயசு. காரிடார்ல நிக்க வெச்சு டாக்டர் இங்கிலீஷ்ல என்னென்னமோ சொன்னாரு. கேன்சர்ங்கிற ஒரு வார்த்தைதான் புரிஞ்சுது. அம்மாகிட்ட வந்து சொன்னேன். யார்கிட்டயும் சொல்லாத, பரம்பரை வியாதின்னு ஆயிரும், நாளைக்குப் பாப்பாவைக் கட்டிக்க எவனும் வர மாட்டான்னாங்க. தலையில கை வெச்சு சத்தியம் வாங்கிட்டாங்க."

என் கல்யாணத்துக்காக மறைத்த ரகசியம். நானோ கடைசி வரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை!

சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. பக்கத்தில் பார்த்தால் அண்ணன் முகம் வியர்த்திருந்தது, ஏர்கான் காரில். நான் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

டாக்டர் சீனப் பெண்மணி. ரொம்ப மயக்க வேண்டாம், ஸ்கிரீனில் என் குடலை நானே பார்க்கணும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் நர்ஸைப் பார்த்துச் சிரித்தார். "திஸ் ஆன்டி வெரி பிஸிபாடி லா" என்றார், எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கிறவளாம். மருந்தைக் குறைவாகவே கொடுத்தார்.

வலித்ததா என்று கேட்பீர்கள். காற்று ஊதும்போது வயிறு உப்பிக்கொண்டு ஒரு பிசைவு. இரண்டு வளைவுகளில் 'ஆ' என்றேன். மற்றபடி கண் முழுக்க ஸ்கிரீனில்தான்.

அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இளஞ்சிவப்பில், ஈரமாக, பளபளவென்று ஒரு குகை. சுவரில் மெல்லிய ரத்தக் குழாய்கள். ஐம்பத்துநாலு வருஷமாக நான் அள்ளிப் போட்ட அத்தனை நாசி லெமாக் சோற்றையும் புகார் இல்லாமல் வாங்கிக்கொண்ட இடம்... முதல்முறையாகப் பார்க்கிறேன். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

"டாக்டர், அது என்ன?"

"பாலிப்." ஒரு சின்னக் காளான் மாதிரி சதை வளர்ச்சி. கம்பி வளையம் ஒன்று வந்தது, கழுத்தைப் பிடித்தது, இறுக்கியது. போயிற்று. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதுவும் போயிற்று.

முடிந்து ஓய்வறையில் படுத்திருந்தபோது மிஸ்ஸி வந்து, "அக்கா, காத்து போச்சா?" என்று உரக்கக் கேட்டார். போனால்தான் வீட்டுக்கு விடுவார்களாம். திரைக்கு அந்தப் பக்கம் மலாயில் ஒரு பக்சிக்கிடம், வயதான மலாய்க்காரரிடம், அதே கேள்வி. உடனே அவர் பதில் சொன்னார், வாயால் அல்ல. இவ்வளவு நாகரிகமான ஓர் இடத்தில், இவ்வளவு வெளிப்படையாக, எல்லோரும் சந்தோஷப்பட்ட ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

டாக்டர் வந்தார். இரண்டையும் லேபுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "அங்கிள், யுவர் பாதர் ஹேட் இட். யூ ஆல்சோ மஸ்ட் செக்."

"வண்டிய எடுத்துட்டு வரேன்" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து லேப் ரிசல்ட் வந்தது. விட்டிருந்தால் சில வருஷங்களில் கேன்சராக மாறக்கூடிய வகை. இப்போது எடுத்தாயிற்று, கவலையில்லை, மூன்று வருஷம் கழித்து மறுபடி வா என்றார்கள். அண்ணன்தான் அன்றும் வண்டி எடுத்து வந்தார். திரும்பும் வழியில் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு. அவர் இலையில் வெறும் ரசம், தயிர். காரம் தொட மாட்டார். அல்சர் என்று அண்ணி சொல்லிக் கேள்வி.

"ண்ணே, நீங்களும் பாத்துருங்களேன்."

"வேணாம்."

"ஏன்?"

ரசத்தைக் குடித்து முடித்தார். "அப்பா அம்பத்திரண்டுல போனாரு. எனக்கும் அதே வயசுலதான்னு நெனச்சேன். அந்த வருஷம்தான் உங்க அண்ணிக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தேன். நான் போயிட்டா யாரு மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போவா? வீட்டு பத்திரம், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரே பைல்ல போட்டு வெச்சேன்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன். அண்ணி நாற்பத்தெட்டு வயதில் லைசன்ஸ் எடுத்ததை நாங்களெல்லாம் கேலி செய்தோம்.

"அல்சர்னு சொல்றது?"

"அல்சர் கெடையாது. காரம் சாப்ட்டா வந்துருமோன்னு விட்டேன்."

"ஒம்பது வருஷம் ஆச்சேண்ணே அதைத் தாண்டி..."

"பாக்காத வரைக்கும் இல்லன்னு நெனச்சுக்கலாம்ல?"

இந்த லாஜிக்கை அவரோடு எத்தனை ஆயிரம் பேர் வைத்திருக்கிறார்கள்? பல் டாக்டரிடம் போகாமல் நான்கூட வைத்திருக்கிறேன்.

அன்று மாலை ஒரு துரோகம் செய்தேன். அண்ணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். செய்தது சரியா? இன்னும் தெரியவில்லை. அம்மா வாங்கிய சத்தியம் என்னுடையது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சாந்தி அண்ணி கத்தவில்லை. "முப்பத்திரண்டு வருஷம் உப்பு ஒரப்பு இல்லாம ஒரு கொழம்பு, எங்களுக்கு ஒரு கொழம்புன்னு ஆக்கிப் போட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு அழுதார்.

அண்ணன் என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அண்ணி அவரிடம் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "நம்ம ரெண்டு பசங்களும் ஒரு நாளைக்கு இந்தப் பாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிப்பானுங்க. அவனுங்களுக்கு யாரு சொல்றது? என்னன்னு சொல்றது?"

தேதி வாங்கினார்கள். அன்று நானும் போயிருந்தேன். காரின் இடது பக்கக் கதவைத் திறந்து, "ஏறுங்க" என்றார் அண்ணி. அண்ணன் பக்கத்து சீட்டில் பையனைப் போல உட்கார்ந்தார். வழி முழுக்க அண்ணிதான் ஓட்டினார். ஒரு லோரிக்காரன் குறுக்கே வந்தபோது அவர் அடித்த ஹாரனில் அண்ணனே நிமிர்ந்து பார்த்தார்.

உள்ளே போய் முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்குப் பார்த்தபோது இவ்வளவு நேரமா ஆயிற்று? அண்ணி என் கையைப் பிடித்திருந்தார். இருவரும் எதிர்ச் சுவரில் இருந்த கை கழுவும் போஸ்டரை வரிக்கு வரி படித்தோம், இரண்டு மொழியிலும்.

டாக்டர் வந்தார். "க்ளீன்."

ஒன்றுமே இல்லை. ஒரு பாலிப்கூட இல்லை!

அரை மயக்கத்தில் இருந்த அண்ணன், "கன்பர்மா?" என்றார். கன்பர்ம் என்றார் டாக்டர். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்டார். மருந்தில் மறந்திருப்பார் என்று மறுபடி சொன்னார்கள். மூன்றாவது முறை கேட்டபோது அவர் கண் முழித்து, நன்றாகத் தெளிந்துதான் இருந்தார்.

பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. அண்ணி போர்வையைச் சரி செய்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

எனக்கு இருந்தது, எனக்குத் தெரியாது. அவருக்கு இல்லவே இல்லை, நாற்பது வருஷம் சுமந்தார். எங்கள் இருவரையும் ஏமாற்றியது வியாதி இல்லை. ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டதுதான். தயவுசெய்து உங்கள் வீட்டில் யாராவது ஒருவரிடம் கேளுங்கள். பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

ஆஸ்பத்திரியில் குடலின் கலர் போட்டோவை ரிப்போர்ட்டோடு கொடுப்பார்கள். அன்று மாலை, 'குட் மார்னிங்' பூக்களைத் தவிர வேறெதையும் அனுப்பாத அண்ணன், ஹோட்டல் சாப்பாட்டுப் படங்களாகவே வரும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தன் குடலின் நான்கு படங்களைப் போட்டார். கீழே ஒரு வரி. "அப்பாவுக்கு வந்தது பெருங்குடல் கேன்சர். நாங்க ரெண்டு பேரும் பாத்துட்டோம். நீங்களும் போய்ப் பாருங்க."

அதை எத்தனை பேர் முழுதாகப் படித்தார்கள் என்று தெரியாது. செமினியில் இருக்கும் சித்தப்பா மகன் மட்டும் உடனே பதில் போட்டிருந்தான்.

"சூப்பர்ண்ணே! எந்தக் கடை?"