‘ஆச்சு’ என்று சொன்னது நான்தான்

பிலோமினாவின் வேலையைக் கெடுத்தவள் நான். தவறுதலாக அல்ல... தெரிந்தே கெடுத்தேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. பிலோமினாவிடமே சொல்லவில்லை. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற துணிச்சல்தான் காரணம். பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள்.

எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்குச் சொல்ல வரும். ஆகவே முதலிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் வேதவல்லி. வீடு ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில். பொறியியல் வரைபடத் தொழில் படித்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் இருவர்தான், நானும் பாலக்கரையிலிருந்து வந்த பிலோமினாவும். தேர்வில் நான் முதலாவது, அவள் இரண்டாவது. காட்டூர்ப் பக்கம் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் இருவருக்கும் ஒன்றாகவே வேலை கிடைத்தது.

அங்கே போன பிறகு நான் முதலாவது என்பது யாருக்கும் நினைவிருக்கவில்லை!

நான் ஒரு கோட்டை மூன்று முறை சரிபார்த்துப் போடுவேன். பிலோ ஒரே இழுப்பில் போடுவாள், அதுவும் சரியாக இருக்கும். நான் உள்ளே போனால் தச்சர்கள் பேச்சை நிறுத்திவிட்டு “வாங்கம்மா” என்பார்கள். அவள் போனால் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்மேல் மரியாதை இருந்தது. அவள்மேல் பிரியம் இருந்தது. பிரியத்தை எந்தத் தேர்வு எழுதி வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை...

அந்தச் சமயத்தில்தான் புத்தூர் டாக்டரின் கார் வந்தது.

யுத்தத்துக்கு முந்தைய சீமைக் கார். மேல்கூரையைத் துணிபோல் மடித்து வைக்கலாம். ஒரு ஜமீன் வீட்டுக் கொட்டகையில் கிடந்ததை டாக்டர் ஆசைப்பட்டு வாங்கியிருந்தார். எஞ்சின் ஓடியது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. இருக்கைகளை எலி தின்றிருந்தது. கதவுகளின் உட்பக்கம் வெறும் தகரம். பின்னால் டிக்கி துருவேறிய பெட்டி. டாக்டரின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஜானவாச ஊர்வலத்துக்கு மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும், பழையபடி புதுசாக்கிக் கொடுங்கள் என்றார்.

முதலாளி எங்கள் இருவரையும் அழைத்தார்.

“இது நல்லபடியா முடிஞ்சா, உள்வேலைக்குன்னு தனிப் பிரிவு ஆரம்பிக்கிறேன். பலகை, தோல், மெத்தை எல்லாம். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் பொறுப்பு. யாருன்னு இந்தக் கார் சொல்லட்டும்.”

அன்று மாலை பஸ் காவிரிப் பாலத்தைக் கடக்கும்போது எனக்கு ஆறு தெரியவில்லை. அந்தப் பொறுப்பு மட்டுமே தெரிந்தது.

இருவரும் டிக்கிக்கு ஆளுக்கொரு வரைபடம் போட்டோம். என்னுடையதில் எல்லா அளவும் இருந்தது. அவளுடையதில் ஒரு யோசனை இருந்தது. சீர்வரிசைத் தட்டுகள் குலுங்காமல் நிற்க, டிக்கிக்குள் தோல் போர்த்திய தடுப்புப் பலகைகள். வேண்டாதபோது பித்தளைத் திருகைத் தளர்த்திக் கழற்றிவிடலாம்.

டாக்டர் அதைக் கையிலெடுத்தார். “யாரும்மா இது போட்டது? எங்காத்துப் பொம்மனாட்டிகள் பார்த்தா உன்னை விடவே மாட்டா, போ!”

பிலோ வெட்கத்தோடு சிரித்தாள். டாக்டர் குடித்துக்கொண்டிருந்த காப்பி டம்ளரை மேஜைமேல் வைத்தார். என் வரைபடத்தின்மேல் வைத்தார்.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அதுதான் பொறுக்கவில்லை! வட்டமாக ஒரு கறை. இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது.

இனி, வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் குற்றம் உங்களுக்குப் புரியாது.

கதவின் உட்பக்கத்தை அளந்து, அதே வடிவத்தில் அட்டை வெட்டுவார்கள். அட்டையை ஒட்டுப்பலகைமேல் வைத்துப் பலகையை அறுப்பார்கள். பிறகு பலகைமேல் பஞ்சு வைத்து, தோலை இழுத்து, விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் மடித்து ஒட்டுவார்கள். தோல் சுற்றினால் பலகை எல்லாப் பக்கமும் தடிக்கும் அல்லவா? அந்தத் தடிப்பை முன்கூட்டியே அட்டையில் குறைத்துவிட வேண்டும். அதற்குப் பெயர் கழிவு. அட்டை வெட்டுகிறவர்தான் கழிவும் போடவேண்டும் என்பது பட்டறை வழக்கம்.

கதவுகளுக்கும் டிக்கித் தடுப்புகளுக்கும் அட்டை வெட்டியவள் நான். பலகை அறுப்பதும் தோல் போர்த்துவதும் பிலோவின் பொறுப்பு.

கார் அப்போது பெயிண்ட் கொட்டகைக்குள் இருந்தது. பலகையைப் பொருத்திப் பார்க்க வழியில்லை. அட்டையை நம்பித்தான் எல்லாம்.

தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கருஞ்சிவப்பு. ஒரே தொட்டியில் சாயம் ஏற்றியது. மறுபடி ஏற்றினால் அதே நிறம் வராது என்று கொண்டுவந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிலோ அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “வேதா, குழந்தை மாதிரி இருக்குடீ!” என்றாள்.

அட்டைகள் என் மேஜையில் முழு அளவில் கிடந்தன. கழிவு போடவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போடலாம் என்று உண்மையிலேயே நினைத்திருந்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்... குடித்து முடித்து டம்ளரைக் கையில் வைத்திருந்தேன். பிலோ அவசரமாக வந்தாள். அட்டைகளை அள்ளிக்கொண்டே கேட்டாள்.

“ஆச்சா?”

அவ்வளவுதான் கேட்டாள். நம் ஊரில் எதற்கும் அந்த ஒரு சொல்தானே! சாப்பாடு ஆச்சா, குளியல் ஆச்சா, கல்யாணம் ஆச்சா. அவள் கேட்டது கழிவைப் பற்றி. அது எனக்குத் தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரியும்!

நான் காலி டம்ளரைப் பார்த்தேன்.

“ஆச்சு” என்றேன்.

அவள் போய்விட்டாள். கூப்பிட்டிருக்கலாம். அவள் கதவைத் தாண்டும் வரை நேரம் இருந்தது. பலகையை அறுக்கும் வரை நேரம் இருந்தது. பசை தடவும் வரைக்கும்கூட நேரம் இருந்தது... ரம்பச் சத்தம் என் மேஜை வரை கேட்டது. நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

கார் பெயிண்ட் பூசி வெளியே வந்த காலை, எல்லோரும் கூடி நின்றார்கள். பிலோ போர்த்திய பலகைகளைக் கண்டதும் காதர் பாய், மூத்த தச்சர், “மாஷா அல்லாஹ்!” என்றார். அத்தனை அழகு. தையல் ஒன்றுகூடப் பிசகவில்லை.

பலகை கதவில் உட்காரவில்லை.

அழுத்திப் பார்த்தார்கள். மேல்பக்கம் உட்கார்ந்தால் கீழ்ப்பக்கம் எழும்பியது. நான்கு கதவும் அப்படி. டிக்கித் தடுப்புகளும் அப்படி. தோலை உரித்து விளிம்பைச் சீவலாம் என்று முயன்றார்கள். உரித்தபோது மூலைகளில் தோல் கிழிந்தது. மிஞ்சிய இடமெல்லாம் பசைக் கறை. பிலோ அந்தத் தோலைத் தடவிக்கொண்டே நின்றாள்.

முதலாளி அட்டையை அளந்தார். “கழிவு போடலியே!”

“ஆச்சான்னு வேதாகிட்ட கேட்டேன் சார். ஆச்சுன்னு சொன்னா” என்றாள் பிலோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் குரல் பிசகவில்லை. நான் நிதானமானவள் என்று எல்லோரும் சொல்வார்கள்... அந்த நிதானம் அன்று எதற்குப் பயன்பட்டது பாருங்கள்!

“காப்பி ஆச்சான்னு கேக்கிறாளோன்னு நெனச்சேன் சார். கையில டம்ளர் இருந்தது.”

பிறகு யாரோ சிரித்தார்கள். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டு, “இனிமே முழுசா கேளுங்கம்மா. காப்பியா கழிவா?” என்றார். அந்தச் சிரிப்பில் என் பொய் கரைந்துபோனது. சிரித்துவிட்ட ஒன்றைப் பிறகு யார் விசாரிப்பார்கள்?

பிலோ சிரிக்கவில்லை. என்னிடம் வந்து, “நான்தான் சரியா கேட்கல வேதா. நீ மனசுல வெச்சுக்காதே” என்றாள்.

எனக்கு ஆறுதல் சொன்னாள்! எனக்கு!

ஜானவாசத்தன்று அந்தக் கார் எங்கள் வீதி வழியாகத்தான் வந்தது. நாதஸ்வரம் முன்னால். கதவுகளின் வெறும் தகரம் தெரியாமலிருக்கப் பட்டுப் புடவைகளை மடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் காரோடு நடந்து வந்தார். அம்மா வாசலில் நின்று என் தோளை இடித்தாள்.

“பாருடி, காருக்கே புடவை கட்டியிருக்கா! எவ்வளவு லட்சணமா இருக்கு! இது உங்க பட்டறைல பண்ணினதுதானே?”

“ஆமாம்மா.”

“நீ பண்ணினியா?”

“ஆமாம்” என்றேன். அதுவும் உண்மைதானே.

கார் சரியாக வராவிட்டாலும் முதலாளி தனிப் பிரிவைத் தொடங்கினார்; அளந்து பார்க்காமல் தோலை வெட்டியவள் பிலோ என்று ஆகிவிட்டதால் பொறுப்பு எனக்கு வந்தது. பிலோவை யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் அவள் ஒவ்வொரு கோட்டையும் மூன்று முறை சரிபார்க்க ஆரம்பித்தாள். ஒரே இழுப்பில் போட்ட கை அது... என்னைப்போல் ஆகிவிட்டது. நான் அதைப் பார்த்து வருந்தினேனா? முதல் சில நாட்கள் மகிழ்ந்தேன். இதையும் எழுதிவிட வேண்டும். பிறகு அவள் தானாகவே நின்றுகொண்டாள். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுக்கப் போனாள்.

அவள் போனால் பொறாமையும் போய்விடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். போகவில்லை. ஒவ்வொரு பலகையிலும், அவளாக இருந்தால் இதை எப்படிச் செய்திருப்பாள் என்ற கேள்வி கூடவே வந்தது.

சில வருஷம் கழித்து, சென்ற மாதம் அவள் பட்டறைக்குத் திரும்பி வந்தாள். பள்ளிக்கூடத்து வேலை முடிந்துவிட்டதாம். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

“உன் பிரிவுதான், நீயே சொல்லு. அட்டை வேலைக்கு எடுத்துக்கலாமா? கை நல்ல கை. அந்த ஒரு தடவைதான் சறுக்கிடுச்சு.”

இப்போது சொல்லியிருக்க வேண்டும். சறுக்கியது அவள் அல்ல சார் என்று ஒரே ஒரு வாக்கியம்! நான் சொன்னது வேறு.

“தையல் பக்கம் போடலாம் சார். அட்டை வேண்டாம்.”

பிலோ என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “உன்னாலதான் வேதா” என்றாள்.

இப்போது என் மேஜைக்கு எதிரே, தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். நிமிரும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் குனிந்துகொள்கிறேன்.

நேற்று ஒரு வேன் கதவுக்கு அட்டை வெட்டி வைத்திருந்தேன். அவள் நூல் எடுக்க அந்தப் பக்கம் போனவள், நின்று ஒரு பார்வை பார்த்தாள்.

“வேதா, தப்பா நெனச்சுக்காதே... அந்தக் கீழ் மூலை கொஞ்சம் தூக்குதோ?”

“இல்லை, சரியாத்தான் இருக்கு” என்றேன்.

அவள் சாப்பிடப் போன பிறகு அளந்து பார்த்தேன். தூக்கித்தான் இருந்தது. அவசரமாகச் சீவிச் சரிசெய்தேன். சீவிய துணுக்குகளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன், அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று.

மாலையில் முதலாளி வந்து அந்த அட்டையைத் தூக்கிப் பிடித்து, எல்லோருக்கும் காட்டினார். “பாருங்க, வேலைன்னா இப்படி இருக்கணும்.”

எல்லோருக்கும் முந்திக் கைதட்டியவள் பிலோமினா.