எவர்சில்வர் குடத்துக்கு ஈடாக ஒரு நீல ஜாடி

1973 காலாண்டு விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, ஒரு பூ ஜாடியின் வயதையும் மதிப்பையும் தெரிந்துகொள்ள நானும் அம்மாவும் மயிலாப்பூரிலிருந்து அடையாறு போய், தி. நகர் வழியாக வீடு திரும்பினோம். வீட்டில் பழைய கண்ணாடி ஜாடி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். பயன்படாமலும் போகலாம்.

காரணம், பழைய பட்டுப்புடவைகளை வாங்கிக்கொண்டு எவர்சில்வர் கொடுக்கும் பாத்திரக்காரம்மா. முந்தின நாள் எங்கள் அலமாரியில் இருந்த நீல ஜாடியைப் பார்த்து, அதற்கு ஒரு குடம் தருவதாகச் சொன்னார். அம்மாவுக்குக் குடத்தின் மேல் வெகுநாள் ஆசை. எனக்கு ஜாடியின் மேல். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது, அப்பா வாங்கிய நாற்காலியோடு சேர்ந்து வந்த ஜாடி அது. உடம்பில் வெள்ளைப் பூக்கள், விளிம்பில் பொன் பூச்சு. நான் கெஞ்சியதால்தான் அம்மா ஒரு நாள் தவணை கேட்டாள்.

நூலகப் புத்தகம் ஒன்று மூன்று அடையாளங்கள் சொல்லியிருந்தது. தடவினால் பெயிண்ட் மேடாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு பூவைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது. அடியில், கண்ணாடியை ஊதிச் செய்யும்போது பிடித்திருந்த கம்பியிலிருந்து உடைத்தெடுத்த வடு இருக்க வேண்டும். எங்கள் ஜாடியில் மூன்றும் இருந்தன. ஆகவே கிளம்பும்போது எனக்குக் குழப்பமே இல்லை.

காலை ஒன்பதரைக்குக் கோயில் குளத்தருகே பஸ் ஏறினோம். அடையாறு நாலு கிலோமீட்டர் இருக்கும். ஆளுக்கு இருபது பைசா. ஜாடியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். ராஜா அண்ணாமலைபுரம் தாண்டும்போது கண்டக்டர், "இன்னா பாப்பா, கொயந்தையா? அதுக்கும் டிக்கெட் எடு" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடையாறில், எங்கள் பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்ற டீச்சர் இருக்கிறார். லென்ஸ் வைத்துப் பார்த்து, இதழ்களில் தூரிகை மயிரின் கோடு தெரிகிறது, வெளிநாட்டு வேலைதான் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு விளிம்பைப் பார்த்தார். பொன் பூச்சு தானாகத் தேயவில்லை, பழசு போலக் காட்ட யாரோ வேண்டுமென்றே தேய்த்திருக்கிறார்கள் என்றார்.

"நான்தாங்க டீச்சர் தேய்ச்சேன்" என்றாள் அம்மா. "வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு, பித்தளையோட சேத்துப் புளி போட்டு."

டீச்சர் லென்ஸைக் கீழே வைத்தார். அப்படியானால் பழசாகவே இருக்கலாம், ஆனால் பாதி மதிப்பு புளியோடு போய்விட்டது என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுத்த பஸ்ஸில் தி. நகர். பனகல் பார்க் பக்கம் ஒரு பரிசுப்பொருள் கடை, கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். அடியிலுள்ள வடுவைப் பார்த்ததும், கழித்துப்போட்ட சரக்கு என்றார். தன் அலமாரியிலிருந்து அதே நீலத்தில், அதே வெள்ளைப் பூப் போட்ட ஜாடிகளை எடுத்து வைத்தார். புதியவை, பதினெட்டு ரூபாய். எங்களுடையது கையால் வரைந்தது என்றேன்.

"இதுவும் கையாலதான் வரையுதான். வேற எதாலம்மா வரைவான்?"

கையால் வரைந்தது என்றால் அபூர்வம் என்கிறது புத்தகம். நம் ஊரில் கடைப் பலகையும் லாரியின் பின்புறமும் கையால் வரைந்தவைதானே.

சாயங்காலம் பாத்திரக்காரம்மா வந்து குடத்தை வாசலில் இறக்கினார். அம்மா அதன் கழுத்தில் கை வைத்தபடி நின்றாள்.

"இன்னாமா யோசனை? சரி, கூட ஒரு டம்ளரும் எட்த்துக்கோ. நேரமாவுது."

பட்டுப்புடவையில் ஒரு பொத்தல் கண்டால் தருவதாகச் சொன்ன தூக்குப் பாத்திரத்தைக் கரண்டியாகக் குறைப்பவர் அவர். கேட்காமல் தானாக ஏற்றியதே இல்லை. அம்மா குடத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, "வேணாம்மா, இப்ப இல்ல" என்றாள்.

அவர் போனதும், "அவளுக்கு என்னமோ தெரிஞ்சிருக்குடி" என்றாள். "நேரமாச்சுன்னுதானேம்மா சொன்னாங்க" என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். ஜாடியைச் செய்தித்தாளில் சுற்றாதீர்கள், துண்டுதான் நல்லது. பெயிண்டையும் வடுவையும் பார்ப்பதோடு, அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதன் வயதையும் மதிப்பையும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.