நீலமாகவே நின்ற சர்க்கரை

எண்பதுகளின் நடுப்பகுதி. கிழக்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். அருகிலிருந்த கல்லூரியொன்றில் நான் தமிழ் கற்பித்துவந்தேன். அவ்வாண்டின் கோடை விடுமுறையில் நிகழ்ந்த ஒன்றை, வெட்கமும் வியப்பும் ஒருசேர எழாமல் இன்றளவும் என்னால் நினைக்க முடிவதில்லை.

என் மனைவிக்கு நீரிழிவு நோய் கண்டு மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. இனிப்பில்லாத காப்பியை அவள் கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவதைக் காணப் பொறாமல் நானே ஒரு வழி கண்டேன். வெண்சர்க்கரை ஆலையில் பிறந்தது. கருப்பட்டியும் தேனும் இயற்கை தந்தவை. இயற்கை தந்தது உடலுக்குத் தீங்கு செய்யாது. இதுவே என் வாதம். எந்த மருத்துவரிடமும் நான் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. மேடையில் பேசிப் பழகியவனுக்குத் தன் குரலே சான்றாகிவிடுகிறது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து கருப்பட்டி வாங்கிவந்தேன். நண்பர் ஒருவர் வழியாக மலைத்தேன் ஒரு புட்டி கிடைத்தது. "இது ஒண்ணும் பண்ணாதுல்ல?" என்று மனைவி முதல் நாள் மட்டும் கேட்டாள். ஒன்றும் செய்யாது என்று உறுதியளித்தேன். அதன்பின் மூன்று வேளைக் காப்பியிலும் கருப்பட்டி, காலையில் வெந்நீரில் தேன், சில மாலைகளில் கருப்பட்டிப் பணியாரம். தீங்கில்லாத இனிப்பு என்று நான் சொல்லிவிட்டதால் அளவைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

சித்திரை மாதத்தில் அவளுடைய வலக்காலின் பெருவிரலடியில் செருப்பு கடித்து ஒரு கொப்புளம் எழுந்தது. அது உடைந்து புண்ணாயிற்று. மூன்று வாரமாகியும் ஆறவில்லை. விரலின் ஓரம் கருக்கத் தொடங்கியதைக் கண்டு மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் புண்ணை நெடுநேரம் பார்த்தார்.

"சுகர் கண்ட்ரோலுக்கு வரணும்மா. பத்து நாள் பார்ப்போம். வரலைன்னா விரலை எடுக்க வேண்டியதுதான். காலைக் காப்பாத்தணும் இல்லையா? இனிப்பு எதுவுமே கூடாது."

மருந்தின் அளவைக் கூட்டி எழுதிக்கொடுத்தார். அவர் இனிப்பு என்றதை வெண்சர்க்கரை என்றே நான் எடுத்துக்கொண்டேன். கருப்பட்டியைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை.

இரத்தத்தை வீட்டிலேயே சோதிக்கும் கருவியை எங்களைப் போன்றோர் அந்நாளில் கண்டதில்லை. மருந்துக்கடையில் நீல நிறக் கரைசல் ஒன்று விற்கும். சோதனைக்குழாயில் அதைச் சிறிது ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் கலந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை என்று பொருள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பழம் போன்ற கிச்சிலி என்று நிறம் மாற மாறச் சர்க்கரை மிகுதி. செங்கல் நிறம் வந்தால் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

எங்கள் குழாயில் முதல் நான்கு நாளும் செங்கல் நிறமே வந்தது. நான்காம் நாள், கேட்கக் கூடாத ஒன்றை அவளிடம் கேட்டேன்.

"எனக்குத் தெரியாமச் சர்க்கரை எடுத்துக்கறியா?"

"சத்தியமா இல்லைங்க. அந்த டப்பாவைத் தொட்டே மூணு மாசமாச்சு."

நான் நம்பவில்லை. விருந்தினருக்கென வைத்திருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துப் புத்தக அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். சுவரைப் பிடித்தபடி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "சாவியைப் பத்திரமா வச்சுக்குங்க. நொண்டிக்காலோட திருட வந்தாலும் வருவேன்" என்றாள். குரலில் கேலி இருந்தது, முகத்தில் இல்லை.

மறுநாள் காலையிலும் செங்கல். அண்டை வீட்டில் வாங்கி உண்கிறாளோ என்று வரை என் எண்ணம் சென்றது. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது. கருப்பட்டி குற்றமற்றது என்பதைக் கண்முன் காட்டிவிட்டால் அவள் உண்மையை ஒப்புக்கொள்வாள் அல்லவா?

மூன்று சோதனைக்குழாய்களில் நீலக் கரைசலை ஊற்றினேன். ஒன்றில் வெண்சர்க்கரை கரைத்த நீர், ஒன்றில் கருப்பட்டி நீர், ஒன்றில் தேன். ஒவ்வொன்றாகக் கொதிக்கவைத்தேன். தேன் விட்ட குழாய் நொடியில் செங்கல்லாயிற்று. கருப்பட்டிக் குழாய் பச்சையாகி மஞ்சளுக்கு நகர்ந்தது. வெண்சர்க்கரைக் குழாயோ கொதித்துக் கொதித்துத் தணிந்த பின்னும் தெளிந்த நீலமாகவே நின்றது! சர்க்கரையில் சர்க்கரை இல்லை என்கிறது இந்தக் கரைசல். புட்டி கெட்டுவிட்டது என்ற முடிவுக்கு வந்தேன். கெட்ட கரைசலை நம்பி மனைவியின் விரலைப் பறிகொடுக்கப்போகிறோமே என்ற பதற்றத்தில் புட்டியையும் இனிப்புகளையும் ஒரு பையிலிட்டுக்கொண்டு கல்லூரிக்கு விரைந்தேன்.

விடுமுறையாதலால் வேதியியல் ஆய்வகத்தில் ஆசிரியர் எவரும் இல்லை. இருபதாண்டுகளாக அங்கே பணிபுரிந்த உதவியாளர் மட்டும் குடுவைகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். என் வயதினர், அந்த ஊர்க்காரர். அத்தனை ஆண்டுகளில் அக்கட்டடத்துக்குள் நான் கால்வைத்ததே இல்லை.

"இன்னா சார், தமிழ் டிபார்ட்மெண்ட்டு இந்தப் பக்கம்? வழி தப்பிடுச்சா?"

நடந்ததைச் சொல்லிப் புட்டியை நீட்டினேன். அவர் அதைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"கெட்டுப்போவல சார், நல்லாத்தான் கீது. வருசா வருசம் பசங்களும் இதே பஞ்சாயத்தத்தான் கொண்டாந்துகினு கீறாங்க. வெள்ளச் சக்கரன்றது ரெண்டு பேரு கை கோத்துகினு நிக்கிற மாதிரி. கோத்துகினு கீற வரைக்கும் இந்த நீலத்துக்குக் கண்ணு தெரியாது. பிரிச்சி வுட்டாத்தான் மாட்டும். குந்துங்க, காட்டறேன்."

சர்க்கரை நீரில் அமிலம் சில சொட்டு விட்டுக் கொதிக்கவைத்தார். பிறகு அமிலத்தை முறிக்கச் சோடா மாவைத் தூவ, நீர் நுரைத்து அடங்கியது. அதிலிருந்து எட்டுச் சொட்டை எண்ணி நீலக் கரைசலில் விட்டு மீண்டும் விளக்கில் காட்டினார். நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் பசுமை கசிந்தது. மஞ்சள் புகைபோல் மேலேறியது. கண்ணிமைக்கும் முன் குழாய் முழுதும் செங்கல்லாய்ச் சிவந்துவிட்டது. அந்தத் தெளிந்த நீலத்துக்குள் இத்தனை சிவப்பு ஒளிந்திருந்ததா! என் மயிர்க்கால்கள் குத்திட்டன.

"நம்ம குடலு இதே வேலைய ஆசிட்டு, அடுப்பு எதுவும் இல்லாமயே முடிச்சிடுது சார்."

"அப்படியானால் தேன்?"

"அத்தத் தேனீயே பிரிச்சி வச்சிடுது. அதான் ஒடனே செவந்துகிச்சு."

ஓர் ஈயின் வயிற்றுக்குள்ளும் இவ்வளவு வேதியியல். தேனைப் பற்றி எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறேன்! இதை நான் அறிந்ததில்லை.

கருப்பட்டி நீரையும் அவர் அதே வழியில் செய்தார். பின்னர் இரு குழாய்களையும் எனக்கு மறைத்துத் தாங்கியில் இடம் மாற்றி வைத்து, "இப்ப சொல்லுங்க சார். இதுல எது உங்க கருப்பட்டி?" என்றார்.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இரண்டும் ஒரே சூளையில் வெந்த செங்கற்கள்.

"வூட்ல யாருக்கு சார்?"

மனைவியின் விரலைப் பற்றிச் சொன்னேன். டப்பாவைப் பூட்டியதையும், ஏனோ, மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அம்மா பொய் சொல்லல சார். நீங்க பூட்ட வேண்டியது வேற டப்பா."

கத்திரி வெயிலில் வீடு வந்து சேர்ந்தேன். காலை முக்காலியில் நீட்டி அமர்ந்திருந்த மனைவியிடம் அனைத்தையும் சொன்னேன். என் மேல்தான் பிழை, உன் மேல் இல்லை என்றும் சொன்னேன்.

"நான் சொன்னப்ப நம்பலை. குழாய் சொன்னதும் நம்பிட்டீங்க" என்றாள். பிறகு, "அப்ப கருப்பட்டி போச்சா?" என்றாள்.

"போச்சு."

"தேனும்?"

"தேனும்."

"நாசமாப் போற தேனீ!" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் கலங்கியது.

அன்று மாலையே மருத்துவரிடம் சென்று ஒப்புக்கொண்டேன். அவர் சினக்கவில்லை. "கருப்பட்டி, தேன்ல வெள்ளைச் சர்க்கரையைவிடக் கொஞ்சம் மெதுவா ஏறலாம் சார், ஆனா ஏறாம இருக்காது. அந்தக் கொஞ்சத்தை நம்பி இவங்க விரலைப் பணயம் வைக்க முடியுமா?" என்றார்.

எஞ்சியிருந்தவை ஐந்து நாள்கள். இனிப்பென்று ஒன்று வீட்டுக்குள் இல்லை. காப்பியை நானும் வெறுமனே குடித்தேன். முதல் இரு நாளும் செங்கல், அடுத்துக் கிச்சிலி, பின் மஞ்சள். பத்தாம் நாள் மருத்துவர் கட்டைப் பிரித்தபோது நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். "ஓரத்துல புதுச் சதை வருது. இன்னும் ஒரு வாரம் பொறுப்போம்" என்று அவர் சொன்னது காதில் விழுந்த பிறகே திரும்பினேன். கருமைக்கும் புண்ணுக்கும் இடையே நூலிழை போல் இளஞ்சிவப்பாய் ஒரு கோடு.

அந்த வாரத்தின் இறுதியில் ஒருநாள் காலை, குழாய் கொதித்துக் குமிழியிட்டும் நிறம் மாறவில்லை. நீலம். "சரியாக் கொதிக்க வச்சீங்களா? ஏமாத்தாதீங்க" என்று உள்ளேயிருந்து அவள் கேட்டாள். இன்னொரு முறை கொதிக்கவைத்துக் காட்டினேன். அப்போதும் நீலம். புண் முழுதும் மூட மேலும் இரண்டு மாதமாயிற்று. விரல் தப்பியது.

நாம் சூட்டும் பெருமைகளையெல்லாம் பொருட்படுத்தாமல், உண்டது எதுவென்று ஓசையின்றிப் பிரித்தறியவும், இடம் கொடுத்தால் மடிந்த தசையின் ஓரத்திலேயே புதிய தசையை நெய்துகொள்ளவும் வல்ல இவ்வுடலை அன்றுதான் நான் முதன்முதலாகக் கண்டேன். அவ்வுடலுக்கு உரியவள் தன் வாயால் சொன்னதை எந்தச் சான்றும் கேளாமல் நான் நம்பியிருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் ஆறாமலேயே இருக்கிறது.